விம்பிள்டன்: 18 களங்கள், 14 நாட்கள், இரவு 11 மணி
வாசகர் கேள்விகளும் பதில்களும்

விம்பிள்டன் டென்னிஸ் ஆட்ட அட்டவணை பற்றியும், வளாகத்தை ஒட்டிய சர்ச் ரோட்டுக்கு எதிர்ப்புறம் உள்ள பழைய கோல்ஃப் மைதானத்தில் வரவிருக்கும் விரிவாக்கம் பற்றியும் நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். குறிப்பிடும் நேரங்கள் அனைத்தும் லண்டன் நேரம்.

கே: பிரதான அரங்கமான சென்டர் கோர்ட்டில் மதியம் 1.30-க்குத்தான் ஆட்டம் தொடங்குகிறது. பிறகு இருட்டிவிட்டது, கூரையை மூடு என்று இரவில் அல்லாடுகிறார்கள். வெளிக்களங்களைப் போல 11 மணிக்கே தொடங்கினால் என்ன?

ப: தொடங்கலாம் என்பதுதான் எங்கள் கருத்து. 11 மணி இல்லாவிட்டாலும், 12 மணிக்காவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வாரத்தில் சென்டர் கோர்ட்டில் ஒரு நாளைக்கு மூன்று ஒற்றையர் ஆட்டங்கள். இரண்டு ஆண்கள் ஆட்டம், நடுவில் ஒரு பெண்கள் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்கள் ஆட்டத்துக்கு மூன்றே கால் மணி நேரம், பெண்கள் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம், இடைவெளி 20 நிமிடம். 1.30-க்குத் தொடங்கும் முதல் ஆட்டம் 4.45-க்கு முடியும். இரண்டாவது 5.05-க்குத் தொடங்கி 7.05-க்கு முடியும். மூன்றாவது 7.25-க்குத் தொடங்கி 10.40-க்கு முடியும். இரவு 11 மணிக்கு மேல் ஆட அனுமதி இல்லை. ஆக, எல்லாம் சரியாகப் போனால் கையில் மிஞ்சுவது 20 நிமிடம்தான். இரண்டு ஆண்கள் ஆட்டங்களில் ஒன்று அதிகபட்சமான ஐந்து செட்வரை போனாலே அந்த 20 நிமிடம் போய்விடும். அதே மூன்று ஆட்டங்களை 12 மணிக்குத் தொடங்கினால் 9.10-க்கு முடிந்துவிடும், நீளும் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் போல இடம் இருக்கும்.

காலைப் பனியால் புல் ஈரமாக இருக்கும், அதனால்தான் தாமதம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது காரணமாக இருக்க முடியாது. அதே புல்வகை, அதே பனி உள்ள வெளிக்களங்கள் 11 மணிக்கே தொடங்குகின்றன. கூரையுள்ள இன்னோர் அரங்கமான நம்பர் ஒன் கோர்ட் 1 மணிக்கு. அரங்கம் நிரம்பியிருக்க வேண்டும், மாலையில் தொலைக்காட்சி முன் உட்காருபவர்களுக்கு முக்கியமான ஆட்டம் கிடைக்க வேண்டும் என்பது அமைப்பாளர்களின் தேர்வு. அந்தத் தேர்வுக்கான விலையைக் கொடுப்பவர்கள் மூன்றாவது ஆட்டத்தில் இறங்குபவர்கள்.

கே: கூரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. பிறகு 11 மணிக்கு ஏன் நிறுத்த வேண்டும்?

ப: அது டென்னிஸ் விதி அல்ல. சென்டர் கோர்ட்டுக்குக் கூரை போட மெர்ட்டன் நகராட்சி கட்டட அனுமதி தந்தபோது சேர்ந்து வந்த நிபந்தனை. சுற்றிலும் குடியிருப்புகள். 15,000 பேர் நள்ளிரவில் தெருவில் இறங்கினால் ரயிலும் பேருந்தும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சென்டர் கோர்ட் கூரை 2009-இலும், நம்பர் ஒன் கோர்ட் கூரை 2019-இலும் பயன்பாட்டுக்கு வந்தன.

நிபந்தனையில் ஓரிரு நிமிடம் நெகிழ்வு காட்டியது உண்டு. 2012-இல் ஆண்டி மரே – மார்க்கோஸ் பாக்தாதிஸ் ஆட்டத்தை 11.02-க்கு முடிக்க விட்டார்கள். 2018 அரையிறுதியில் அப்படி விட முடியவில்லை. அன்று கெவின் ஆண்டர்சன் – ஜான் இஸ்னர் ஆட்டம் ஐந்தாவது செட்டில் 26–24 வரை போய், 6 மணி 36 நிமிடம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பின் இறங்கிய ஜோகோவிச் – நடால் ஆட்டம் மூன்று செட் முடிந்த நிலையில் 11.02-க்கு நின்றது, மீதி மறுநாள்.

பலருக்குப் புரியாத இடம் இன்னொன்று உண்டு. 11 மணி ஆகாமலேயே ஏன் நிறுத்துகிறார்கள்? 2025 முதல் நாளில் டெய்லர் ஃபிரிட்ஸ் இரண்டு செட் பின்தங்கி, ம்பெட்சி பெரிகாருக்கு எதிராக இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்தார். நேரம் 10.15-ஐத் தாண்டியிருந்தது, நிறுத்திவிட்டார்கள். காரணம் எளிது. ஒரு முழு செட்டுக்குச் சுமார் 45 நிமிடம் வேண்டும். கடினமான ஐந்தாவது செட்டுக்கு அதற்கும் மேல். 5–5-இல் நிறுத்தி, மறுநாள் இரண்டு கேம் ஆடச் சொல்வதைவிட, செட் தொடங்கும் முன்பே நிறுத்துவது இருவருக்கும் நியாயம். வேகம் பிடித்து வந்தவருக்கு அது கசக்கும்தான்.

கே: வெளிக்களங்களில் ஒரு கேம் மட்டும் பாக்கி இருக்கும்போதுகூட நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடம் கொடுக்கக் கூடாதா?

ப: 2025-இல் பென் ஷெல்டனுக்கு இது நேர்ந்தது. ரிங்கி ஹிஜிகாட்டாவுக்கு எதிராக 6–2, 7–5, 5–4. அடுத்து ஷெல்டனின் செர்வ். இருட்டிவிட்டது என்று நிறுத்தினார்கள். மறுநாள் வந்து ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆடி முடித்துவிட்டுப் போனார். பார்ப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் நம்பர் 2 கோர்ட்டிலும் வெளிக்களங்களிலும் விளக்கு கிடையாது. ஜூன் கடைசியில் லண்டனில் சூரியன் மறைவது சுமார் 9.20-க்கு. வெளிச்சம் குறையும்போது மூன்று பிரச்சினைகள் ஒன்றாக வருகின்றன. எதிராளியின் செர்வ் கண்ணுக்குத் தெரிவது முதல் பிரச்சினை. 2025 முதல் கோட்டு நடுவர்கள் இல்லை. பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்வது கேமராக்கள். அவற்றுக்கும் வெளிச்சம் வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் புல்லுக்கே உரியது: மாலை குளிர்ந்ததும் இலைமேல் ஈரம் படிகிறது. பகலில் பிடித்து நின்ற காலணி அப்போது வழுக்கும். களிமண் களத்திலும் கடினத் தரையிலும் இந்த மூன்றாவது தொல்லை இந்த அளவுக்கு இல்லை.

கே: மறுநாள் யார் எந்தக் களத்தில் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

ப: தலைமை நடுவர் அலுவலகத்தின் வேலை இது. முதல் இரண்டு நாட்களின் சுமையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஆண்கள், பெண்கள் ஒற்றையர் டிரா (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) இரண்டிலும் தலா 128 பேர். முதல் சுற்றில் மொத்தம் 128 ஆட்டங்கள். நாளைக்கு 64. சென்டர் கோர்ட்டுக்கும் நம்பர் ஒன்னுக்கும் மும்மூன்று போக மீதி 58. அதை 16 களங்களில் போட வேண்டும்: பத்துக் களங்களில் நான்கு ஆட்டம், ஆறில் மூன்று ஆட்டம். நான்கு ஆட்டம் உள்ள களத்தில் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் ஆட்டம் இருந்தால், சென்டர் கோர்ட்டுக்கு மேலே வைத்த நேரங்களைவிடச் சீக்கிரமாக, சராசரி வேகத்தில் போனாலே இடைவெளிகளோடு பத்தேகால் மணி நேரம். 11 மணிக்குத் தொடங்கினால் 9.15. சூரியன் மறைய ஐந்து நிமிடம்! இதனால்தான் முதல் இரண்டு நாட்களில் ஒரு மணி நேரம் மழை பெய்தாலே கடைசி வரிசை ஆட்டங்கள் கலைகின்றன.

நான்கு ஆண்கள் ஆட்டங்களை ஒரே களத்தில் போட்டால் நிச்சயம் முடியாது. ஆகவே ஒவ்வொரு களத்திலும் கலந்து போடுகிறார்கள். அடுத்த கட்டுப்பாடு டிராவின் பாதி. மேல்பாதி ஒரு நாள், கீழ்ப்பாதி மறுநாள் என்று ஒருமுறை பிரித்துவிட்டால், ஐந்து செட் ஆடியவருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்படி அந்த வரிசை கடைசிவரை போக வேண்டும். முந்தைய நாள் நின்றுபோன ஆட்டங்களுக்கு முதலில் இடம் ஒதுக்க வேண்டும். அதில் ஒருவர் இரட்டையரிலும் இருந்தால், ஒற்றையர் முடிந்து ஓய்வெடுத்த பிறகே இரட்டையர். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் தொலைக்காட்சிகளின் கோரிக்கை, எந்த நாட்டு ரசிகர் எந்த நேரத்தில் பார்ப்பார், யாருக்கு ஏற்கனவே எத்தனை முறை பெரிய களம் கிடைத்தது என்பதெல்லாம் வரும்.

அட்டவணையைப் படிக்க இரண்டு குறிப்புகள். "இந்த நேரத்துக்கு முன் இல்லை" என்று போட்டிருந்தால், அதற்கு முந்தைய ஆட்டம் சீக்கிரம் முடிந்தாலும் அந்த நேரம்வரை களம் காலியாகவே இருக்கும். ஆனால் அந்த நேரத்துக்குத் தொடங்கிவிடும் என்ற உறுதி அதில் இல்லை. "களம் பின்னர் அறிவிக்கப்படும்" என்று கடைசியில் உள்ள ஆட்டங்கள் மிதக்கும் ஆட்டங்கள்: எங்காவது யாராவது காயத்தால் விலகினால் அந்த இடத்தில் இறங்கும். டிக்கெட் வைத்திருப்பவர்கள் மாலை 5 மணிக்கு மேல் இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது.

கே: நடு ஞாயிறு ஓய்வை எடுத்துவிட்டது புல்லுக்குக் கேடு இல்லையா?

ப: 2021 வரை நடு ஞாயிறன்று ஆட்டம் கிடையாது. மழையால் ஆட்டங்கள் குவிந்து கிடந்த 1991, 1997, 2004, 2016 ஆகிய நான்கு ஆண்டுகள் மட்டும் விதிவிலக்கு. சர்ச் ரோடு சென்டர் கோர்ட்டுக்கு நூறு வயதான 2022 முதல், 14 நாளும் ஆட்டம் உண்டு.

அந்த ஓய்வு நாளில் களப் பராமரிப்பாளர்கள் செய்த முக்கியமான வேலை தண்ணீர் விடுவது. போட்டி நாட்களில் தாராளமாகத் தண்ணீர் விட முடியாது. மேற்பரப்பு மிருதுவாகிப் பந்து எழும்பாது. ஒரு நாள் காலி என்றால் வேர்வரை நனைத்துவிட்டு உலர விடலாம். இப்போது அதை ஒரே நாளில் செய்யாமல், இரவு இரவாக, ஒவ்வொரு களத்திலும் மண்ணின் ஈரத்தையும் கடினத்தையும் அளந்து, தேவையான அளவு மட்டும் விடுகிறார்கள். பந்தயக் காலத்தில் புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். தினமும் வெட்டு, தினமும் கோடு.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, மொத்த ஆட்டங்கள் கூடவில்லை, பரவலாகிவிட்டன. முன்பு நான்காவது சுற்றின் 16 ஒற்றையர் ஆட்டங்களும் இரண்டாவது திங்களன்று ஒரே நாளில் நடக்கும். ரசிகருக்கு அது விருந்துதான். ஆனால் நல்ல ஆட்டங்கள் ஒன்றையொன்று மறைத்தன. இப்போது ஞாயிறு எட்டு, திங்கள் எட்டு. பெரிய களங்கள் கூடுதலாக ஒரு நாள் மிதிபடுகின்றன. அவற்றின் பேஸ்லைன் (களத்தின் பின்கோடு) பின்னால் இரண்டாவது வாரத்தில் தெரியும் பழுப்புப் பட்டையைக் கவனித்திருப்பீர்கள். செர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடும் ஆட்டம் இருந்த காலத்தில், தேய்மானம் பேஸ்லைனிலிருந்து வலையை நோக்கி நீளும். இப்போது எல்லாரும் பின்னால் நின்றே ஆடுவதால் செர்வ் கட்டங்கள் கடைசிவரை பச்சையாக இருக்கின்றன. பேஸ்லைன் மட்டும் மண்ணாகிறது. புல்லைப் பராமரிப்பவருக்கு இது இன்னும் கடினம். ஒரு சின்ன இடத்தில் முழுச் சுமையும் விழுகிறதே!

கே: முதல் இரண்டு நாட்களில்தான் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். கூரை மூடினால் இன்னும் மோசம். ஏன்?

ப: புதுப் புல்லின் இலையில் நீர்ச்சத்து அதிகம். காலணி உரசும்போது அது நசுங்கி ஈரமாகிறது. நாலைந்து ஆட்டங்கள் ஆன பிறகு இலை உலர்ந்து, அடியில் உள்ள இறுகிய மண் காலுக்குப் பிடி கொடுக்கும். கூரை மூடினால் வெயிலும் காற்றும் இல்லை. பல்லாயிரம் பேரின் மூச்சும் புல் தானே வெளியிடும் நீராவியும் உள்ளே தங்குகின்றன. கூரை மூடப் பத்து நிமிடம்வரை போதும். ஆனால் குளிரூட்டி ஈரப்பதத்தைக் கட்டுக்குள் கொண்டுவர மேலும் நேரம் ஆகும். மொத்தம் அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணியை அவசரப்படுத்தக் கூடாது. 2021-இல் கூரைக்கு அடியில் ஒரே நாளில், சென்டர் கோர்ட்டில், மன்னாரினோவும் செரீனா வில்லியம்ஸும் வழுக்கிக் காயப்பட்டு வெளியேறினார்கள்.

கே: 13-ஆம் எண் களம் ஏன் இல்லை?

ப: முன்பு இருந்தது. அந்த இடத்தில்தான் 2009-இல் திறந்த இப்போதைய நம்பர் 2 கோர்ட் நிற்கிறது. பழைய நம்பர் 2, நம்பர் 3 ஆகப் பெயர் மாறி, 2011-இல் புதிதாகக் கட்டப்பட்டது. இப்போது சென்டர் கோர்ட், 1 முதல் 12 வரை, 14 முதல் 18 வரை: மொத்தம் 18.

கே: இத்தனை ஆண்டுகள் 18 களங்களில் நடத்தியவர்களுக்கு இப்போது எதற்கு இன்னும் 39? எதற்காக இந்த விரிவாக்கம்?

ப: தகுதிச்சுற்றுக்காகத்தான் முதலில். மற்ற மூன்று கிராண்ட் ஸ்லாம்களிலும் தகுதிச்சுற்று பிரதான வளாகத்திலேயே நடக்கிறது. விம்பிள்டனில் மட்டும் சில கிலோமீட்டர் தள்ளி ரோஹாம்ப்டனில் நடக்கிறது.

இருக்கும் 18 களங்களிலேயே நடத்திவிட வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் புல் குறுக்கே நிற்கிறது. பிரதான போட்டியில் ஆண்கள், பெண்கள் ஒற்றையர் தலா 127 ஆட்டம். இரட்டையர் தலா 63. கலப்பு இரட்டையர் 31. மொத்தம் 411. களத்துக்குச் சராசரி 23 ஆட்டம், இளையோரும் சக்கர நாற்காலிப் போட்டிகளும் தனி. தகுதிச்சுற்றில் ஆண், பெண் தலா 128 பேர், மூன்று சுற்று, 16 பேர் தேறுகிறார்கள். 64 கூட்டல் 32 கூட்டல் 16, ஆக 112. இரண்டுக்கும் சேர்த்து 224. முதல் நாள் திங்கட்கிழமை பிறப்பதற்கு முன்பே ஒவ்வொரு களமும் 12 ஆட்டங்களின் சுமையைத் தாங்கியிருக்கும். அதாவது வழக்கமான தேய்மானத்தில் பாதிக்கு மேல். பாரிஸில் இரவில் களிமண்ணைத் தூவி, பெருக்கி, நீர் தெளித்தால் காலையில் புதுக் களம். மெல்போர்னிலும் நியூயார்க்கிலும் கழுவிவிட்டால் போதும். புல் செத்தால் அந்தப் பந்தயத்துக்குள் மீண்டும் முளைக்காது.

ஒரே ஒரு முறை ஏறக்குறைய அதைச் செய்து காட்டினார்கள். 2012-இல் விம்பிள்டன் முடிந்து சுமார் 20 நாளில் ஒலிம்பிக் டென்னிஸ் அங்கேயே தொடங்கியது. ஏற்கனவே முளைவிட்ட விதைகளைப் பேஸ்லைன்களில் தூவி, அந்த 20 நாளில் பச்சையாக்கினார்கள். தகுதிச்சுற்றுக்கும் பிரதான சுற்றுக்கும் இடையே இருப்பதோ மூன்றே நாட்கள்.

ஆகவே திட்டம் இது: பழைய கோல்ஃப் மைதானத்தில் 38 புதிய புல் களங்கள், கூடவே 8,000 இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கக் களம்.

கே: 39 களம் வந்துவிட்டால் இரவு 11 மணித் தலைவலி தீர்ந்துவிடும் அல்லவா?

ப: தீராது. இரண்டையும் சேர்த்துப் பேசுவதுதான் பெரிய குழப்பம்.

இரவு நேர நெருக்கடி, கூரையுள்ள இரண்டு களங்களில் மதியம் தொடங்கும் மூன்று ஆட்டங்களின் கணக்கு. பக்கத்தில் 38 களம் காலியாக இருந்தாலும், சென்டர் கோர்ட் டிக்கெட் வாங்கியவர் முன்னால் அந்த மூன்று ஆட்டங்களும் நடந்தாக வேண்டும். அதைத் தீர்க்க ஒரே வழி முன்கூட்டித் தொடங்குவது. அதற்கு ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை.

புதிய களங்கள் தீர்ப்பது வேறு: தகுதிச்சுற்று, பயிற்சி, இளையோர் போட்டிகள். மழை நாளில் தேங்கும் முதல் சுற்று, இரட்டையர் ஆட்டங்களுக்கும் ஓரளவு உதவலாம்; அதுகூட கோடு போட்டு, கேமரா பொருத்தி, பார்வையாளர் போக வழியுள்ள களமாக இருந்தால். பயிற்சிக் களத்தை அரை மணியில் பந்தயக் களமாக மாற்ற முடியாது.

கே: ஒரு புல் களம் போட எவ்வளவு நாள் ஆகும்? தோட்டத்தில் புல் போடுவது போலத்தானா?

ப: மேலே தெரிவது புல், பந்தை எழுப்புவது அடியில் உள்ள மண். கோல்ஃப் மைதானத்தில் ஏற்கனவே புல் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அந்த மண் இதற்கு உதவாது.

வரிசை இப்படி. முதலில் மேல்மண்ணை எடுத்துவிட்டு, அடித்தளத்தைச் சமன் செய்ய வேண்டும். வடிகால் குழாய்கள், அவற்றின்மேல் சரளைக்கல், சரளைக்குள் மண் இறங்காதபடி நுண்கல் அடுக்கு. அதன்மேல் களிச்சத்து மிகுந்த வண்டல் மண், சுமார் கால் மீட்டர் ஆழத்துக்கு. இதை ஒரே வீச்சில் கொட்டக் கூடாது. கொஞ்சம் கொட்டி, இறுக்கி, சமன் பார்த்து, அடுத்த அடுக்கு. இங்கே அவசரப்பட்டால் இரண்டு ஆண்டு கழித்து ஒரு மூலை தாழ்ந்து, பந்து ஒரு பக்கம் குதிக்கும் ஒரு பக்கம் படுக்கும். களத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் மாலை வெயில் செர்வ் போடுபவர் கண்ணில் அடிக்கும். வரிக்கோட்டுக்குள் களம் 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம்தான். ஆனால் ஓட இடம் விட வேண்டும். சென்டர் கோர்ட்டின் புல்பரப்பு 41-க்கு 22 மீட்டர்.

விதை முழுக்க முழுக்க பல்லாண்டு ரைகிராஸ் என்ற புல்வகை. 2001 வரை ரைகிராஸ் 70 சதவீதம், சிவப்பு ஃபெஸ்க்யூ என்ற இன்னொரு புல் 30 சதவீதம் என்ற கலவை. ஃபெஸ்க்யூ மிதியைத் தாங்கவில்லை என்று விட்டுவிட்டார்கள். கோடை இறுதியில் மண் சூடாக இருக்கும்போது விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். குளிர்காலத்தில் புல்லைச் சற்று உயரமாக விட்டு, வசந்தத்தில் உருளை போட்டு இறுக்கிக்கொண்டே சிறிது சிறிதாக 8 மில்லிமீட்டருக்கு இறக்குவார்கள். ஒரேயடியாக இறக்கினால் இலையை இழந்த செடி வேரிலுள்ள சேமிப்பைச் செலவழித்து நோய்க்கு இடம் கொடுக்கும். விதைத்த மறு கோடையில் ஆடலாம்தான். ஆனால் பந்தயத் தரத்துக்கு மண் இறுகி, வேர் இறங்க இன்னும் ஒரு பருவமாவது விடுவது உத்தமம் என்போம்.

பழைய களங்களுக்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ இதே மறுபிறப்புதான். பந்தயம் முடிந்ததும் மேல்புல்லை இயந்திரத்தால் சீவி எடுத்து, கீறி, மறுபடி விதைத்து, மேல்மண் இடுகிறார்கள். இதை 38 களங்களுக்குக் கூடுதலாகச் செய்ய ஆட்களும் இயந்திரங்களும் தண்ணீரும் வேண்டும் என்பதை விரிவாக்கம் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் சொல்வதில்லை.

கே: அந்தத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதா? எதிர்ப்பு ஏன்?

ப: நிலத்தின் உரிமையை விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப் 1993-இல் மெர்ட்டன் நகராட்சியிடம் 52 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. கோல்ஃப் கிளப்பின் குத்தகை மட்டும் தொடர்ந்தது. அதை 2018-இல் 6.5 கோடி பவுண்டு கொடுத்து முடித்துக்கொண்டார்கள். 2021-இல் கட்டட அனுமதிக்கு விண்ணப்பம். நிலம் இரண்டு நகராட்சி எல்லைகளில் விரிந்து கிடப்பதால் இரண்டும் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில் மெர்ட்டன் சரி என்றது. அடுத்த மாதம் வாண்ட்ஸ்வொர்த் முடியாது என்றது. விண்ணப்பம் லண்டன் பெருநகர ஆட்சியிடம் போய், 2024 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. உள்ளூர் மக்கள் குழு தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தது.

கட்டட அனுமதி கிடைத்தால் கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1993 விற்பனையின்போது, பொழுதுபோக்குத் தேவை தவிர வேறு எதையும் கட்டமாட்டோம் என்று உறுதி தரப்பட்டது. இந்த நிலம் பொதுமக்கள் பயன்பாட்டுக்கான அறக்கட்டளைக்கு உட்பட்டதா என்ற கேள்வியும் உண்டு. இவை அனுமதியிலிருந்து வேறான, சட்ட ரீதியான தனிச் சிக்கல்கள்.

எதிர்ப்பவர்களை வெறும் தொல்லைக்காரர்கள் என்று ஒதுக்குவது சரியல்ல. அது 18-ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற பூங்கா வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் வடிவமைத்த, பாரம்பரியப் பட்டியலில் உள்ள பூங்கா. லண்டனில் கட்டடம் எழுப்பக் கட்டுப்பாடு உள்ள திறந்தவெளி. மரங்கள் போகும், பல ஆண்டுகள் லாரிகள் வரும். மறுபக்கம், இதுவரை கோல்ஃப் உறுப்பினர்கள் மட்டும் நடந்த நிலத்தில் ஒரு பகுதி பொதுப் பூங்காவாகும், ஏரி தூர்வாரப்படும் என்பது கிளப்பின் வாக்குறுதி. டென்னிஸ் தரப்பில் எங்களுக்குச் சந்தேகமில்லை: தகுதிச்சுற்று அங்கே வருவது விளையாட்டுக்கு நல்லது. 8,000 இருக்கை அரங்கம் அதே அளவு அவசியமா என்பதில் எங்களுக்கே ஒத்த கருத்து இல்லை. 38 களங்களுக்குச் சொல்லும் நியாயத்தை அப்படியே அரங்கத்துக்கும் நீட்ட முடியாது.

கே: கடைசி செட்டிலும் டை-பிரேக் (சமனில் நிற்கும் செட்டைச் சில புள்ளிகளில் முடிக்கும் முறை) வந்த பிறகு அட்டவணை எளிதாகிவிட்டதா?

ப: நிறைய. 2010-இல் இஸ்னர் – மாயூ ஆட்டம் 18-ஆம் களத்தை மூன்று நாள் பிடித்துக்கொண்டது: 11 மணி 5 நிமிடம், ஐந்தாவது செட் 70–68. கடைசி செட்டில் 12–12-க்கு டை-பிரேக் என்று 2019-இல் கொண்டுவந்தார்கள். 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் 6–6-இல் பத்துப் புள்ளி டை-பிரேக். இதைவிட அதிகம் உதவியது, கவனிக்கப்படாத ஒரு மாற்றம்: 2023 முதல் ஆண்கள் இரட்டையர் மூன்று செட். 63 ஆட்டங்களில் ஐந்து செட் அபாயம் நீங்கியது.

கே: 2025 முதல் இறுதி ஆட்டங்கள் மாலை 4 மணிக்கு. நல்லதா?

ப: இரட்டையர் இறுதி 1 மணிக்கு, பிறகு ஒற்றையர் என்ற வரிசை வந்தது, இரட்டையர் ஆடுபவர்களுக்கு ஒற்றையருக்கு முன்பே கூட்டம் கிடைக்கிறது. இரட்டையர் எப்போது முடியும் என்று தெரியாமல் ஒற்றையர் ஆடுபவர் காத்திருக்க வேண்டாம். மூன்று மணி நேரம் ஒதுக்கியாகிவிட்டது. 4 மணிக்குத் தொடங்கினால், 2019 இறுதியைப் போல 4 மணி 57 நிமிடம் போனாலும் 9 மணிக்கு முடியும். முதல் ஆண்டிலேயே இரு எல்லைகளும் தெரிந்தன: பெண்கள் இறுதியை ஸ்வியாடெக் 6–0, 6–0 என்று 57 நிமிடத்தில் முடித்தார், மறுநாள் சின்னர் – அல்காராஸ் மூன்று மணி நேரம். ஒரு குறை மட்டும் உண்டு: நிழல். பழைய 2 மணித் தொடக்கத்தில் நிழல் களத்தைப் பாதியாக வெட்டும் நேரம் ஆட்டத்தின் பின்பகுதியில் வரும். இப்போது முதல் செட்டிலிருந்தே அதைச் சமாளிக்க வேண்டும்.

கே: பயிற்சிக் களம் போதவில்லை என்று வீரர்கள் சொல்வது எந்த அளவு உண்மை?

ப: வளாகத்தின் பயிற்சிப் பகுதியான ஆராங்கி பார்க்கில் பயிற்சிக்கு சுமார் 20 களங்கள். ஒற்றையர் பிரதான டிராவில் மட்டும் 256 பேர். இருவருக்கு ஒரு களம், ஒரு மணி நேரம் என்றால் 128 மணி. 20 களத்தில் பிரித்தால் ஆறரை மணி நேரம் இடைவிடாத மிதி. இரட்டையர் ஆடுபவர்கள், ஆட்டத்துக்கு முன் உடல் சூடேற்றுபவர்கள் இன்னும் கணக்கில் வரவில்லை. அதனால் முதல் நாட்களில் நான்கு பேர் ஒரே களத்தைப் பகிர்வது சகஜம். நால்வர் ஆடினால் குறுக்கு அடிகளை மட்டும்தான் ஒழுங்காகப் பயிற்சி செய்ய முடியும். புல்லில் புள்ளி ஆடிப் பழகுவதற்கு அது ஈடாகாது. ஃபிரெஞ்சு ஓபனுக்கும் விம்பிள்டனுக்கும் இடைவெளி 2015 முதல் மூன்று வாரம் ஆனது இந்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தது. ஆனால் கூடுதல் வாரம் கிடைத்ததால் களங்களின் எண்ணிக்கை கூடிவிடவில்லை. மழை பெய்தால் ஆராங்கி களங்களையும் மூட வேண்டும். மழை விட்டதும் முதலில் திறப்பது பந்தயக் களங்களையே. பயிற்சி வரிசை அப்போது பின்னால் தள்ளப்படுகிறது, மாலை ஆட்டம் உள்ளவர் சில நேரம் உள்ளரங்கத்தில் பந்தடித்துவிட்டு நேராகப் புல்லுக்கு வருகிறார்.